படத்துக்குக் கீழே வரும் நான்கு வரிகளை எடுத்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வாரந்தோறும் ஒரு சொல்லை அறிவித்து, அச்சொல்லுக்கு மறுமொழியாக இயற்கையிலிருந்து எடுத்த ஒரு படத்தையும், எடுத்தவர் தம் மனத்தில் பட்டதை எழுதும் நான்கு வரிகளையும் வாசகர்களிடமிருந்து பெற்று வெளியிட்டு வருகிறீர்கள். அந்த நான்கு வரிகள் இடத்தை அடைக்கின்றன என்றும், நல்ல படம் தானே பேசும் என்றும், குறிப்புகளை நீக்கிவிட்டுக் கூடுதலாகப் படங்களை அச்சிட்டு அவற்றுள் சிறந்த மூன்றை அறிவிக்கலாம் என்றும் இரு வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இந்த யோசனை பரிசீலனையில் இருப்பதாகத் தாங்களும் கீழே ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. குறிப்புகளை நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் இரவுப் பணி செய்பவன். விடியற்காலையில் வீடு திரும்பி, மற்றவர்கள் எழும் நேரத்தில் உறங்கப் போகும் வாழ்க்கை பதினான்கு ஆண்டுகளாகப் பழகிவிட்டது. என்னிடம் பெரிய கேமரா கிடையாது. செல்பேசியும் அதன் மேல் மாட்டிக்கொண்டு மிக நெருங்கி எடுக்க உதவும் சிறிய மேக்ரோ லென்ஸும்தான் உண்டு. தாங்கள் தந்த சொற்களில் இதுவரை அறுபத்தொன்றுக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அவற்றுள் ஐந்து வெளியாயின. மற்ற ஐம்பத்தாறும் வீணாயின என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அதற்குக் காரணம் அந்த நான்கு வரிகள்தாம்.

வாரம் ஒரு சொல் என்னும் ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பது, அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 'ஓரம்' என்று ஒரு வாரம் சொல் கொடுத்தீர்கள். முதல் இரண்டு நாள்கள், எல்லோர் மனத்திலும் உடனே வரக்கூடிய நீரின் ஓரமும் பாதையின் ஓரமும்தான் என் மனத்திலும் வந்தன. அவற்றை எடுத்தும் விட்டேன், எடுத்ததும் சலித்தும் விட்டது. நான்காம் நாள்தான், பூச்சி தின்ற ஓர் இலையின் கடிபட்ட விளிம்பு முழுவதும் பழுப்பேறி, யாரோ மடித்துத் தைத்ததுபோல் காய்ந்து மூடியிருப்பதைக் கண்டேன். அந்தச் செடியைத் தினமும் கடந்துதான் போகிறேன். சொல் இல்லாவிட்டால் அதன் அருகில் குனிந்திருக்க மாட்டேன். ஏழு நாள் அவகாசம் இல்லாவிட்டால் முதல் நாள் படத்தோடு முடித்திருப்பேன். இயற்கை நாம் கேட்ட சொல்லுக்குக் கேட்ட நேரத்தில் வந்து நிற்பதில்லை என்பதால், வாரத்தின் பாதிநாள்கள் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவதாகவே கழியும். அப்படித் திரும்பும் நாள்களில்தான் கண் பழகுகிறது என்பது என் துணிபு.

ஆனால் சொல்லும் அவகாசமும் மட்டும் போதா. எழுத வேண்டும் என்ற கட்டாயம் ஒன்று இருப்பதால்தான், எடுத்ததை மறுபடியும் பார்க்க நேர்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

'துளி' என்ற சொல் வந்த வாரம். பணி முடிந்து வரும்போது, வாசலில் தொட்டியில் இருக்கும் தக்காளிச் செடியின் இலைகளில் நீர்த்துளிகள் நின்றன. மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, செல்பேசியை இலைக்கு இரண்டு விரற்கடை நெருக்கத்தில் வைத்து எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு துளிக்குள்ளும் எதிரே இருந்த கட்டடம் தலைகீழாக நின்றது. துளியே ஒரு லென்ஸ் ஆகிவிடுவதால், அதன் பின்னே இருக்கும் காட்சி இப்படிக் கவிழ்ந்துதான் தெரியும். படம் நன்றாக வந்தது. குறிப்பில், இரவெல்லாம் பெய்த பனி இலையில் தங்கியிருக்கிறது என்றும், இரவெல்லாம் விழித்திருந்த நானும் அதுவும் இந்த நேரத்தில் சந்தித்துக்கொண்டோம் என்றும் எழுதினேன். தாங்களும் வெளியிட்டீர்கள்.

அச்சில் பார்த்த பிறகு 'பனி' என்ற சொல் என்னை உறுத்தத் தொடங்கியது. மறுநாள் விடியலில் மீண்டும் குனிந்து பார்த்தேன். தொட்டியின் விளிம்பைத் தடவினேன், உலர்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற வண்டியின் இருக்கையும் கம்பியும் உலர்ந்திருந்தன. பனி என்றால் திறந்தவெளியில் குளிர்ந்த எல்லாவற்றின் மேலும் படிந்திருக்க வேண்டும். இங்கோ இலையின் நடுப்பரப்பில்கூட ஈரம் இல்லை. விளிம்பில் உள்ள பற்களின் நுனிகளில் மட்டும், கோத்து வைத்ததுபோல் துளி துளியாக நின்றது. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்வதால் செடியிலிருந்து நீர் ஆவியாகி வெளியேறுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது; ஆனால் மண்ணில் ஈரம் இருக்கும்வரை வேர் நீரை உறிஞ்சி மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது; அந்த அழுத்தம் தாளாமல், இலை விளிம்பில் உள்ள நுண்ணிய நீர்வாய்கள் வழியே நீர் கசிந்து துளியாகத் திரள்கிறது. மேலிருந்து விழுந்தது என்று நான் எழுதிய நீர் வேரிலிருந்து ஏறி வந்தது. வெயில் ஏறியதும் துளிகள் மறைந்துவிடும். அவை நின்ற இடத்தில் சில நேரம் வெண்ணிறமாக ஒரு சிறு புள்ளி மிஞ்சும். நீரோடு வந்த உப்புகளின் மிச்சம் அது.

இதைத் தெரிந்துகொண்ட நாளன்று எனக்கு உறக்கம் வரவில்லை. என்னைப்போலவே விழித்திருந்தது என்று நான் ஏதோ அழகுக்காக எழுதியிருந்தேன். உண்மையில் அந்தச் செடி இரவு முழுவதும் வேலை செய்திருக்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில் செய்த வேலையின் தடயம் விடியலில் சற்று நேரம் மட்டும் இலை விளிம்பில் தெரிந்து, மற்றவர்கள் எழுந்து வருவதற்குள் மறைந்துவிடுகிறது. பதினான்கு ஆண்டுகளாக இரவில் வேலை செய்யும் ஒருவனுக்கு இது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. குறிப்பு எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பியிருந்தால், எனக்கு ஓர் அழகான துளியின் படம் கிடைத்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். தவறாக ஒரு வாக்கியம் எழுதியதால்தான் அந்த வாக்கியத்தைச் சரிபார்க்கப் போனேன்.

'வட்டம்' என்ற சொல்லுக்கும் இப்படித்தான் நடந்தது. நண்பகலில் மரத்தடியில் விழும் ஒளிப்பொட்டுகளை எடுத்தேன். இலைகளுக்கு இடையே வட்டமான இடுக்குகள் இருப்பதால் ஒளியும் வட்டமாக விழுகிறது என்று எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தேன். ஓர் இடுக்குகூட வட்டமாக இல்லை. முக்கோணமும் கீற்றும் கிழிசலுமாகத்தான் இருந்தன. தரையில் கிடந்த ஒவ்வொரு வட்டமும் சூரியனின் உருவம் என்பது பிறகு புரிந்தது. சிறு இடுக்கு, லென்ஸ் இல்லாமல் ஒரு சிறு துளை வழியாகவே எதிரே உள்ளதன் உருவை விழச்செய்யும் ஊசித்துளைக் கேமரா போலச் செயல்படுகிறது. சூரியன் வானில் நமக்குச் சுமார் அரைப் பாகை அகலத்தில் தெரிவதால், 10 மீட்டர் உயரத்தில் உள்ள ஓர் இடுக்கின் வழியே ஒளி நேர்குத்தாக இறங்கினால் தரையில் அது சுமார் 9 சென்டிமீட்டர் அகல வட்டமாகிறது. சூரியன் சாய்ந்திருந்தால் நீள்வட்டமாகிறது. பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அதே மரத்தடியில் அத்தனை பொட்டுகளும் பிறைகளாக மாறிவிடும். பள்ளிப்பருவம் முதல் எத்தனை மரநிழல்களில் நின்றிருப்பேன், காலடியில் இத்தனை சூரியன்கள் கிடந்ததை அறியாமல்!

படம் தானே பேசும் என்ற வாதத்துக்கு வருகிறேன். கடிதம் எழுதிய வாசகர் ஒளிப்படக் கலையின் மேல் உண்மையான மதிப்பு வைத்திருப்பவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. அவரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஆனால் இக்கலையின் வரலாறு அவர் சொல்வதுபோல் சொற்களைத் தள்ளிவைத்துவிட்டு வளர்ந்ததாகத் தெரியவில்லை. ஒளிப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூல் என்று பொதுவாகச் சொல்லப்படும் நூல், கடற்பாசிகளைப் பற்றியது. இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா அட்கின்ஸ் 1843ஆம் ஆண்டு அதன் முதல் பகுதியை வெளியிட்டார். கேமரா இல்லாமலேயே, ஒளியுணர் கரைசல் பூசிய தாளின் மேல் பாசியை நேரே வைத்து, வெயிலில் காட்டி, நீல நிறத்தில் அதன் உருவைப் பதித்தார். நூலின் எழுத்துப் பகுதிகளையும் அவர் அச்சுக் கோக்கவில்லை; தம் கையெழுத்தையே அதே முறையில் வெயிலில் காட்டிப் பதித்தார். பாசியும் அதைப் பற்றிய சொல்லும் அதே நீலத்தில் இருக்கின்றன. தொடக்கத்திலேயே இரண்டும் சேர்ந்துதான் பிறந்திருக்கின்றன.

அமெரிக்காவில் வில்சன் பென்ட்லி என்னும் விவசாயி, நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று ஒரு பனிப்படிகத்தை முதன்முறையாகப் படமெடுத்தார். 1931இல் இறக்கும்வரை, குளிர்காலம்தோறும் தம் ஊரிலேயே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனிப்படிகங்களை எடுத்தார். எந்த வானிலையில் எத்தகைய படிகம் விழுந்தது என்பதையும் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டே வந்தார். நம்மவரான மா. கிருஷ்ணன் காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர்பெற்றவர். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றி விடாமல் பத்தி எழுதி வந்தார். பார்ப்பதும் எழுதுவதும் அவரிடம் இரண்டு தொழில்களாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அகத்தைச் சொல்லும் படத்துக்கும் இது பொருந்தும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். அவருடைய படங்களின் ஆற்றலுக்கு, அவர் படமெடுத்த மனிதர்களின் மேல் அவருக்கிருந்த பிடிப்பே காரணம் என்ற பொருளில் எழுந்த ஒரு கருத்துக்கு மறுமொழியாகத்தான், எல்லோருக்கும் பொதுவான மேகத்தின் பக்கம் கேமராவைத் திருப்பினார். பெரும்பாலும் தொடுவானமோ மரமோ இல்லாத அந்தச் சிறிய படங்களுக்கு அவர் 'சமானங்கள்' என்ற பொருள்படும் பெயரைப் பின்னர் வைத்தார். தம் உள்ளத்து அனுபவத்துக்கு நிகரானவை என்பது கருத்து. அந்த ஒரு சொல் இல்லாமல் அவற்றைப் பார்க்கும் ஒருவர், அன்றைய வானிலையைப் பதிவு செய்திருக்கிறார் என்று எண்ணிக் கடந்துவிடக்கூடும். தனித்து நிற்கும் படத்தின் மேல் அத்தனை நம்பிக்கை வைத்திருந்தவருக்கே ஒரு சொல் தேவைப்பட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இதற்காக வெளியே தேட வேண்டியதுகூட இல்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அங்கு வாழும் பறவையும் விலங்கும் மரமும் பிறவும் கருப்பொருள் என்றும், மாந்தரின் மனநிலை உரிப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. ஒளிப்படம் முதற்பொருளையும் கருப்பொருளையும் தந்துவிடும். மாலை நேரம் என்பதும் ஒரு பறவை தனித்திருக்கிறது என்பதும் படத்திலேயே இருக்கும். உரிப்பொருளைப் படம் தானாகத் தராது. பார்ப்பவர் தம்முடையதைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. எடுத்தவருடையது என்ன என்பதை அறிய அவருடைய சொல் வேண்டும்.

'காத்திருப்பு' என்ற சொல்லுக்கு ஒரு வாசகர் அனுப்பிய படத்தைத் தாங்கள் வெளியிட்டது நினைவிருக்கலாம். வெறும் கிளை ஒன்று, அதுவும் சற்று மங்கலாக. அதன் கீழே, நான்கு நாள்களாக அதே கிளையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது என்றும், மருத்துவப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருந்த அந்த நாள்களில் தாம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், முடிவு வந்த ஐந்தாம் நாள் பறவை வரவில்லை என்பதால் கிளையை எடுத்ததாகவும் அவர் எழுதியிருந்தார். முடிவு என்ன என்று அவர் எழுதவில்லை. சிறந்த மூன்று படங்கள் என்ற போட்டி வைத்திருந்தால் அந்தக் கிளைக்கு இடம் கிடைத்திருக்குமா? மீன்கொத்தி நீரில் பாயும் கணத்தை, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும் ஷட்டரில் உறையவைத்த படம்தான் வென்றிருக்கும். அத்தகைய படங்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். அவற்றுக்கென்று போட்டிகள் பல உள்ளன. வெறும் கிளைக்கு இடம் தரும் பக்கம், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.

கடிதம் எழுதியவரின் குறை முழுவதையும் நான் மறுக்கவில்லை. குறிப்புகளில் பல சலிப்பூட்டுகின்றன என்பது உண்மை. கல்லிடுக்கில் முளைத்த செடி என்றால் விடாமுயற்சி, பட்டாம்பூச்சி என்றால் மாற்றம், மறையும் சூரியன் என்றால் மீண்டும் உதிக்கும் நம்பிக்கை என்று, படத்தைப் பார்க்காமலே எழுதிவிடக்கூடிய அறிவுரைகள் வாரந்தோறும் வருகின்றன. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அதற்கு மருந்து குறிப்பையே நீக்குவது அன்று. வேறு கேள்வி கேட்பது. இப்போது அறிவிப்பில், படம் தங்களுக்கு உணர்த்தும் கருத்து என்ன என்று கேட்கிறீர்கள். கருத்து என்று கேட்டால் அறிவுரைதான் வரும். என்ன கண்டீர்கள், எந்த நேரத்தில் கண்டீர்கள், அப்போது தங்கள் வாழ்வில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். முன்னிரண்டுக்கும் உண்மையாக மறுமொழி எழுதுபவர்கள், மூன்றாவதற்கு வரும்போது பெரிய சொற்களைத் தாமாகவே கைவிட்டுவிடுவார்கள். உள்ளுறை என்று நம் முன்னோர் சொன்னது, சொல்லாமல் விட்டதன் வலிமையைத்தான். பரிசோதனை முடிவைச் சொல்லாமல் விட்ட வாசகருக்கு அது தெரிந்திருந்தது.

குறிப்பு இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. எனக்கு இது சிறியதாகப் படவில்லை. படம் எப்படிக் கிடைத்தது என்பதற்கு எடுத்தவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. கூட்டில் இருக்கும் குஞ்சுகள் தெளிவாகத் தெரிவதற்காக மறைத்திருக்கும் இலைகளை விலக்குவோர் உண்டு. விலக்கிய இலைகளோடு வெயிலிலிருந்தும் பிடித்துத் தின்னும் பறவைகளின் கண்ணிலிருந்தும் குஞ்சுகளுக்கு இருந்த மறைப்பும் போய்விடுகிறது. அசையாமல் இருப்பதற்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்போரும் உண்டு. படம் மட்டும் வந்தால் இவை எதுவும் தெரியாது. எத்தனை தொலைவில் நின்றேன், எவ்வளவு நேரம் காத்திருந்தேன், அது என்னைக் கண்டு விலகியதா என்று எழுத வேண்டிய ஒருவர், பொய் சொல்லத் துணிந்தாலொழிய, இலையை விலக்கும் முன் ஒருமுறை யோசிப்பார். கணினியிடம் கேட்டு உருவாக்கிய படங்கள் இயற்கைப் படங்களாக உலவும் இந்நாளில் இது இன்னும் அவசியமாகிறது. இதையொட்டி ஒரு வேண்டுகோள்: செல்பேசிப் படங்களுக்குள் எடுத்த இடத்தின் குறியீடும் பதிந்திருக்கக்கூடும் என்பதால், கூடு கட்டும் பறவைகள், அரிய செடிகள் ஆகியவற்றின் படங்களை வெளியிடும்போது இடத்தைக் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு வெளியிட வேண்டும்.

இடப்பற்றாக்குறைதான் சிக்கல் என்றால், ஆறு படங்களுக்குப் பதில் நான்கை வெளியிடுங்கள். வாரத்தில் இரண்டு பேருக்கு வாய்ப்புக் குறையும் என்பது வருத்தம்தான். ஐம்பத்தாறு முறை வெளியாகாத ஒருவன் இதைச் சொல்கிறேன் என்பதால் தவறாக எண்ண மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பரிசும் தரவரிசையும் வேண்டாம். ஒரு சொல்லுக்கு வந்த நான்கு மறுமொழிகளில் எது முதலாவது என்று எப்படித் தீர்மானிக்க முடியும்? தரவரிசை வந்துவிட்டால், அனுப்புவோர் அந்த வாரத்தில் தாங்கள் கண்டதை விட்டுவிட்டு, நடுவருக்குப் பிடிக்கக்கூடியதைத் தேடத் தொடங்குவார்கள். நானும் தேடுவேன்.

இறுதியாக, என் பிழை ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. 'துளி' என்ற சொல்லுக்குத் தாங்கள் வெளியிட்ட என் படத்தின் குறிப்பில், இலையில் இருப்பது பனி என்று எழுதியிருந்தேன். அது பனியன்று; செடி தன் வேரால் இழுத்து, இரவில் இலை விளிம்பின் வழியே வெளியேற்றிய நீர். வசதிப்படும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பக்கத்தின் அடியில் இத்திருத்தத்தை ஒரு வரியாக வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இரவுப் பணி செய்யும் வாசகர் ஒருவர்